தசமப் புள்ளி

இதழ் தபாலில் வந்த அன்று
வேதியியல் துறையில் எல்லோருக்கும்
தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.
வழவழப்பான அட்டை. மூலையில் தங்க முத்திரை.
பல்துறைப் பன்னாட்டு ஆய்விதழ்,
தாக்கக் காரணி ஆறு புள்ளி எட்டு.
யார் அளந்தது?
நாலாயிரத்து ஐநூறு கட்டியவளுக்குக்
கேட்கத் தோன்றவில்லை.

நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் நான்:
பாலக்கோடு வட்டார ஆழ்துளைக் கிணறுகளில் புளோரைடு.
முன்னால் சிப்பிக் காளான் வளர்ப்பு,
பின்னால் தனியார் வங்கி வாடிக்கையாளர் திருப்தி,
அதற்கும் பின்னால் சோழர் கால வரி,
கைப்பந்து வீரர்களின் கணுக்கால்.
அறுபத்து மூன்று கிணறுகளின் தண்ணீர்
தர்மபுரி டவுன் பஸ்ஸில் ஏறியதுபோல்
யார்யாரையோ இடித்துக்கொண்டு நின்றது.

கல்லூரியில் புள்ளி போட்டார்கள்.
முதல் ஆசிரியருக்கு இத்தனை,
தன் பெயரையும் சேர்க்கச் சொன்ன
துறைத்தலைவருக்கு இத்தனை.
அவர் சொரக்காயனஹள்ளிக்கு வந்ததில்லை.
வந்தவள், ஐஸ்பெட்டி சுமந்தவள், மாதேஸ்வரி.
நன்றியுரையில் இருக்கிறாள்,
எழுத்துப் பிழையோடு.

இரவில் படுக்குமுன் மேற்கோள் பார்ப்பேன்,
சர்க்கரைக்காரர்கள்
விரலைக் குத்திப் பார்ப்பதுபோல.
ஒரு வருடம் பூஜ்யம்.
பிறகு ஒன்று: நானே, என் அடுத்த கட்டுரையில்.
பிறகு ஒன்று: கானாவிலிருந்து ஒருவர்,
என் இனிஷியலைப் பெயராக்கி, பெயரை இனிஷியலாக்கி.
நன்றாக இருக்கட்டும், முழுக்கப் படித்திருந்தார்.
மூன்றாவது ஆள்
'இப்பகுதி நீர் குடிப்பதற்கு ஏற்றது' என்று எழுதி
வாக்கியத்தின் கடைசியில் சான்றாக என்னை வைத்திருந்தார்.
நான் சொன்னதற்கு நேர் எதிர்.
எண்ணிக்கை அதையும் கூட்டிக்கொண்டது.
பதவி உயர்வுக் கோப்பில்
நானும் மூன்று என்றே எழுதினேன்.

அப்புறம் இதழைப் பட்டியலிலிருந்து தூக்கினார்கள்.
போட்ட புள்ளியைக் கல்லூரி திரும்ப எடுத்துக்கொண்டது.
கிணறுகளை யாரும் எங்கிருந்தும் தூக்கவில்லை.

சித்திரையில் மறுபடி மாதிரி எடுக்கப் போனோம்.
சொரக்காயனஹள்ளி மேல்நிலைத் தொட்டித் தூணில்
பச்சைப் பெயிண்டில் முழ உயர எழுத்து:
34. குடிக்காதே.

'நான்தான் எழுதுனேன்' என்றார்
தொட்டி ஆபரேட்டர் தொப்பையன்.
'யாரோ காலேஜ்காரங்க அளந்தாங்களாம்.
பிடிஓ ஆபீஸ்ல ஒரு தாள் கெடந்துச்சு.'
ஆண்டு இல்லை, தொகுதி இல்லை, பக்க எண் இல்லை.
நான் இல்லை.
நான் அளந்தது மூன்று புள்ளி நான்கு.
நடுவிலிருந்தது ஐப்பசி மழையில் உரிந்திருக்கிறது.
'புள்ளி இருந்தப்ப, மூணுதானேன்னு மொண்டுட்டுப் போனாங்க.
அது போனப்புறந்தான் பயந்தாங்க.'

கைப்பையில் எப்போதும் சாக்பீஸ் உண்டு.
எடுத்தேன். உள்ளே வைத்தேன்.
மாதேஸ்வரி என்னைப் பார்க்காமல்
லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.
வரிசையில் ஒரு சிறுமி, பல்லில் பழுப்புக் கோடு.
அவள் இடுப்பிலிருந்த தம்பிக்கு
இன்னும் பல்லே முளைக்கவில்லை.
முப்பத்து நான்கு என்பது பொய்.
நல்ல பொய். என் பொய் இல்லை.

புள்ளியை வைத்தேன்.
அடுத்த தூறல்வரை தாங்கும்.
கீழே கொஞ்சம் இடமிருந்தது, எழுதினேன்:
உடம்பு தாங்குவது 1.5 வரை.

குடத்தோடு நின்ற ஒருத்தி
எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
'அப்ப ரெண்டு பங்குக்கு மேலயா?'
ஆமாம் என்றேன்.
'ஒகேனக்கல் தண்ணி வந்து அஞ்சு நாளாச்சு.
இன்னிக்கு எதுல சோறாக்க?'

தொப்பையன் வால்வைப் பார்க்கப் போனார்.
இருபத்தொன்றாம் பாட்டிலில்
தேதி எழுதினேன், நேரம் எழுதினேன்.
பதிவேட்டில் 'குறிப்பு' என்ற கட்டம்
எப்போதும் காலியாகவே விடுவோம்.
அதில் அவள் கேட்டதை
அவள் கேட்டபடியே எழுதினேன்,
எந்தத் துறையில் சேரும் என்று தெரியாமல்.